முற்றத்துப் பறவைகளின் மூன்றாம் பெயர்

தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களிலும் வீட்டு முற்றத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கும் மாணவர் குழுக்களுக்கும், அவற்றை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஒரே பறவையினம் பரந்த நிலப்பரப்பில் வாழும்போது அதன் நிறமும் அளவும் குரலும் இடத்துக்கு இடம் சற்று மாறுகின்றன. ஒரு வட்டாரத்துப் பறவைகளை இன்னொரு வட்டாரத்துப் பறவைகளிலிருந்து பிரித்துச் சொல்லும் அளவுக்கு அந்த மாற்றம் நிலைத்திருந்தால், அவற்றைத் துணையினம் என்று வகைப்படுத்துகிறார்கள். இனத்தின் அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். துணையினத்தின் பெயரில் மூன்று. ஒரே இனத்தின் இரு துணையினங்கள் சந்திக்கும் இடத்தில் தடையின்றி இணைசேர்ந்து குஞ்சு பொரிக்கும். ஆகவே அங்கே எல்லைக்கோடு எதுவும் இராது. இரண்டுக்கும் நடுவான பறவைகள்தாம் இருக்கும்.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் தனித் துணையினம் எனலாம் என்பது நெடுநாள் வழக்கு. அமெரிக்கப் பறவையியலாளர் டீன் அமடோன் 1949இல் 75 விழுக்காட்டு விதியை விளக்கி எழுதினார். ஒரு வட்டாரப் பறவைகளில் குறைந்தது 75 விழுக்காடு, அடுத்த வட்டாரப் பறவைகள் ஏறக்குறைய எல்லாவற்றிலிருந்தும் பிரித்தறியக் கூடியவையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதன் மறுபக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. விதிப்படி முறையாக ஏற்கப்பட்ட துணையினத்திலும் நான்கில் ஒரு பறவை, கையில் வைத்துப் பார்த்தாலும் எது என்று சொல்ல முடியாததாக இருக்கலாம். முற்றத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு பறவைக்கும் மூன்றாம் பெயர் சூட்டியே ஆக வேண்டும் என்ற ஆசை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

1953இல் எட்வர்ட் வில்சனும் வில்லியம் பிரவுனும் துணையினம் என்ற கருத்தையே கடுமையாகச் சாடினார்கள். நிறம் வடக்கு தெற்காக மாறும், அலகின் நீளம் கிழக்கு மேற்காக மாறும். எந்தப் பண்பை எடுத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ற வரைபடம் கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் பறவையியல் துணையினத்தைக் கைவிடவில்லை. கைவிடாமல் இருந்ததே நல்லதாயிற்று என்பதற்கு இலங்கை மரங்கொத்தி சான்று. அது பின்னால் வருகிறது.

மாற்றம் ஏன் ஏற்படுகிறது என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஈரம் மிகுந்த நிலத்துப் பறவைகள் கருமை கூடியும், வறண்ட நிலத்துப் பறவைகள் வெளிறியும் இருக்கும் என்று கான்ஸ்டான்டின் குளோகர் 1833இல் சுட்டிக்காட்டினார். அதற்கு வீட்டுக் காகத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை. பாகிஸ்தான் முதல் ஈரான் வரையிலான வறண்ட நிலத்துக் காகத்தின் கழுத்துப்பட்டை ஏறத்தாழ வெண்மை. மியன்மார்க் காகத்துக்குப் பட்டையே தெரியாத அளவு கருமை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் புரோட்டெகேட்டஸ் துணையினத்தின் கழுத்து வட இந்தியக் காகத்தினுடையதைவிட அடர்ந்த சாம்பல். மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு 1890களில் காகங்கள் கொண்டு செல்லப்பட்டது இலங்கையிலிருந்துதான். காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று கொண்டுபோனார்கள். ஒரு பறவை எந்த ஊரிலிருந்து கப்பலேறியது என்று பின்னாளில் சரிபார்க்கவும் இந்தக் கழுத்து நிறம் போன்ற அடையாளங்கள் உதவுகின்றன.

பெயர் வைக்கும் முறையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயரிடப்பட்டபோது அடிப்படையாக இருந்த மாதிரி எந்த ஊரினதோ, அந்த ஊர்ப் பறவைகளின் துணையினத்துக்கு இரண்டாம் சொல்லே மூன்றாம் சொல்லாகத் திரும்ப வரும். இந்த விதியால் தமிழ்நாட்டு முற்றத்துப் பறவைகள் இரண்டுக்கு ஒரு சிறப்பு வாய்த்திருக்கிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் மத்துரின் பிரிசோன் 1760இல் இரண்டு பறவைகளை விவரித்தார். ஒன்று பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்று நம்பினார்; மற்றது ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து என்று நம்பினார். லின்னேயஸ் அதை அப்படியே ஏற்று 1766இல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டினார். முதலாவது நம் கருஞ்சிட்டு. அது பிலிப்பைன்ஸில் வாழ்வதே இல்லை. இரண்டாவது வாலடி சிவந்த கொண்டைக்குருவி, அதாவது சின்னான். அது ஆப்பிரிக்கப் பறவையே அல்ல. பிற்கால அறிஞர்கள் இரண்டின் மூல ஊரையும் புதுச்சேரி என்று திருத்தினார்கள். அதனால்தான் தென்னிந்தியக் கருஞ்சிட்டு கோப்சிகஸ் ஃபுலிகேட்டஸ் ஃபுலிகேட்டஸ் ஆயிற்று. தென்னிந்தியச் சின்னான் பிக்னோனோட்டஸ் கேஃபர் கேஃபர் ஆயிற்று. மற்ற வட்டாரப் பறவைகளெல்லாம் இவற்றோடு ஒப்பிட்டே விவரிக்கப்படுகின்றன.

அடையாளம் காணும் வேலை இடத்திலிருந்து தொடங்குகிறது. நிற்கும் ஊரில் எந்தத் துணையினம் வாழ்வதாக நூல்கள் சொல்கின்றன, அதை அடுத்து எது வாழ்கிறது, இரண்டையும் பிரிக்கும் உறுப்பு எது என்ற மூன்றையும் முன்கூட்டியே அறிந்திருந்தால் இருநோக்கியை எங்கே திருப்புவது என்பது தெரிந்துவிடும். சாலிம் அலியும் எஸ். டில்லன் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கைந்நூல் ஒவ்வொரு துணையினத்தையும் தனிப் பதிவாகவே தருகிறது. பெயர்கள் பல மாறிவிட்டாலும் இந்த வேலைக்கு அது இன்றும் பயன்படும். பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் 2005இல் வெளியிட்ட தெற்காசியப் பறவை நூல், முன்பு துணையினமாக இருந்த பலவற்றைத் தனி இனமாக உயர்த்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. எங்கெங்கே கருத்து மாறுபடுகிறதோ அங்கெல்லாம் கவனிக்க வேண்டிய பறவை இருக்கிறது என்று பொருள்.

கருஞ்சிட்டில் பார்க்க வேண்டியது ஆணின் முதுகு. மதிற்சுவரில் வந்து உட்கார்ந்து வாலைத் தூக்கும்போது வாலடியின் செம்பழுப்பு எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் அது எல்லாத் துணையினங்களுக்கும் பொது. தமிழ்நாட்டு ஆணுக்கு முதுகும் பளபளக்கும் கறுப்பு. வட இந்திய ஆணுக்கு முதுகு பழுப்பு, வயிறு மட்டும் கறுப்பு. வடக்கிலிருந்து தெற்கே வரவர அந்தப் பழுப்பு படிப்படியாகக் குறைகிறது. ஆகவே தக்காணத்தின் நடுவில் பாதிப் பழுப்பு முதுகுடைய ஆண்களைக் காணலாம். பெண் எங்கும் பழுப்பு என்பதால், வெயிலில் முதுகு மட்டும் தெரியும்படி நிற்கும் வட இந்திய ஆணைப் பெண் என்று எழுதிவிடும் தவறு சாதாரணமாக நடக்கிறது. வயிற்றைப் பார்க்காமல் ஆண், பெண் எழுதக் கூடாது. இலங்கை ஆணுக்கும் முதுகு கறுப்புத்தான். எனவே மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் இருந்து வரும் இரண்டு படங்களை வைத்துக்கொண்டு நிறத்தால் பிரிக்க முயல்வது வீண்.

சின்னானும் அப்படித்தான். வடமேற்கு இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் வாழும் வகைக்குத் தலையின் கறுப்பு மார்பின் நடுப்பகுதி வரை இறங்கும். வங்காள வகைக்கு உடலே கருமை கூடியது. வயிற்றில் செதில்போன்ற வரிகள் இரா. இவற்றோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டுப் பறவையைப் பிரிப்பது எளிது. தமிழ்நாட்டையும் இலங்கையையும் பிரிப்பது முற்றத்திலிருந்து செய்யக்கூடிய வேலை அல்ல. வால்காக்கையின் தென்கிழக்கிந்தியத் துணையினமான வெர்னாயும் ஒப்பிட மாதிரி இல்லாமல் பிரிக்க அரிது. அப்பெயர், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பறவைகளைச் சேகரித்த வெர்னே ஆய்வுப் பயணத்துக்குப் பொருளுதவி செய்தவரை நினைவுகூர்ந்து 1930இல் வைக்கப்பட்டது.

பச்சைக்கிளிக்கு அலகைப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மணிலென்சிஸ் வகைக்கு மேலலகு சிவப்பு, கீழலகு கருமை. வட இந்திய போரியாலிஸ் சற்றுப் பெரியது. கீழலகிலும் சிவப்பு இருக்கும். கொய்யாவைக் கடிக்கும்போது வாய் திறக்கும்; அந்த நொடியில் எடுத்த படமே போதும். ஆனால் கிளி விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் கிளி வியாபாரம் ஒழிந்தபாடில்லை. ஆகவே சென்னையிலோ கோவையிலோ சிவந்த கீழலகுடன் ஒரு கிளி தென்பட்டால், துணையினத்தின் பரவல் மாறிவிட்டது என்று எழுதுவதற்கு முன் கூண்டிலிருந்து தப்பியதா என்று பார்க்க வேண்டும். சிறகு நுனி வெட்டுப்பட்டிருத்தல், வால் இறகு சிதைந்திருத்தல், மனிதரைக் கண்டு அஞ்சாதிருத்தல் ஆகியவை அதற்கான குறிகள்.

பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உள்ள குழுக்கள் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்றது மைனா. இந்திய மைனாவைவிட இலங்கை மைனா கருமை கூடியது. கண்ணுக்குப் பின்னால் உள்ள மஞ்சள் திட்டும் அகலமானது. இவ்விரண்டையும் தனியாக நம்பக் கூடாது, ஏனெனில் நிழலும் வெயிலும் இரண்டையும் மாற்றிக் காட்டும். நம்பத் தகுந்தது இறக்கையில் இருக்கிறது. மைனா பறந்துவந்து இறங்கும்போது இறக்கையில் பளிச்சென்று வெண்திட்டு விரியும். அந்தத் திட்டின் மேல்விளிம்பில், நீண்ட இறகுகளின் அடியை மூடும் சிறு இறகுகள் இருக்கின்றன. இந்திய மைனாவுக்கு அவை வெண்மை. இலங்கையின் மெலனோஸ்டெர்னஸ் துணையினத்துக்கு அவை பாதி கறுப்பு, பாதி வெள்ளை. இத்துணையினத்தை 1879இல் விவரித்தவர் இலங்கையில் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ட் லெக். இறக்கை மூடியிருக்கும் படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் இதற்கு உதவாது. இறங்கும் நொடியில் தொடர்ச்சியாக எடுத்த சுமாரான படம் உதவும்.

ஏழெட்டாகக் கூடித் திரியும் தவிட்டுக்குருவிகளில் வெண்தலைச் சிலம்பன் இதே கரைகளுக்கு வேறொரு பாடம் வைத்திருக்கிறது. இந்தியத் துணையினத்துக்குத் தலையுச்சி வெளிறிய பாலாடை நிறம். தொண்டையிலும் மார்பிலும் கருமை விரவியிருக்கும். இலங்கையின் டாப்ரோபேனஸ் துணையினம் உடல் முழுதும் மங்கிய சாம்பல். ஆனால் தமிழ்நாட்டின் தென்கோடியில் வாழும் பறவைகளும் சாம்பல் கூடி, இலங்கைப் பறவைகளைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. கடல் எல்லையாக இருக்கும், அதற்கு இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று என்ற எதிர்பார்ப்பு இங்கே பொய்த்துவிடுகிறது. சாம்பல் நிறத்தைக் கண்டு காட்டுச் சிலம்பன் என்று எழுதிவிடும் தவறும் இருக்கிறது. இலங்கையில் அந்த இனமே இல்லை என்பதால் அங்கே அந்தக் குழப்பம் வர வழியில்லை.

அரசவால் ஈப்பிடிப்பானில் இடத்தோடு மாதமும் சேர்ந்துகொள்கிறது. இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் இலங்கைக்கு வரும் துணையினத்தில் முதிர்ந்த ஆண் வெண்ணிறமாகவும் இருக்கும், செம்பழுப்பாகவும் இருக்கும். இலங்கையிலேயே கூடுகட்டி வாழும் சிலோனென்சிஸ் துணையினத்தின் ஆண் ஒருபோதும் வெண்மையாவதில்லை. ஆகவே ஜனவரியில் யாழ்ப்பாணத்து வேப்பமரத்தில் நீண்ட வெள்ளை வாலோடு தென்படும் ஆண் கடல் கடந்து வந்தது என்பது உறுதி. அதே நாளில் அதே மரத்தில் தென்படும் செம்பழுப்பு ஆண் எதுவாகவும் இருக்கலாம்; அதற்கு மூன்றாம் பெயர் எழுத முடியாது. ஜூன், ஜூலையில் கூட்டில் இருந்தால் எழுதலாம்.

இனி மரங்கொத்தி. முற்றத்துப் பறவைகளில் இதைவிட நல்ல பாடம் இல்லை. தமிழ்நாட்டுத் தென்னையிலும் பனையிலும் காணும் பொன்முதுகு மரங்கொத்தி பெரும்பாலும் டைனோபியம் பெங்காலென்ஸ் பங்டிகோல் துணையினம்: முதுகு ஒளிரும் பொன்மஞ்சள், கறுத்த தொண்டையில் முக்கோணச் சிறு வெண்புள்ளிகள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளப் பக்கம் போனால் முதுகில் பசுமஞ்சள் ஏறும், தொண்டைப் புள்ளிகள் நுண்ணியவையாகும், இறக்கைப் புள்ளிகள் தெளிவிழக்கும். அது தெஹ்மினே துணையினம். சாலிம் அலியின் மனைவி தெஹ்மினாவின் பெயரால் ஹியூ விஸ்லரும் நார்மன் கினியரும் 1934இல் வைத்த பெயர். இலங்கையின் வடக்கே வாழும் பொன்முதுகுப் பறவைக்கு 1944இல் யாழ்ப்பாணத்தின் பெயராலேயே ஜாஃப்னென்ஸ் என்று பெயர் வந்தது. அதற்குத் தெற்கே தீவின் பெரும்பகுதியில் வாழும் மரங்கொத்திக்கு முதுகே சிவப்பு.

இந்தச் சிவப்பு முதுகுப் பறவை நெடுங்காலம் சரோடீஸ் என்ற துணையினமாக எண்ணப்பட்டது. சிவப்பும் பொன்னும் புத்தளம், கெக்கிராவ, திருகோணமலைப் பக்கங்களில் கலந்து இணைசேர்கின்றன. அங்கே செம்மஞ்சள் முதுகுடைய பறவைகள் உண்டு. கலக்கின்றன, ஆகவே ஒரே இனம் என்பதே பழைய முடிவு. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2016இல் வெளியான ஆய்வு, இறகு நிறத்தையும் மரபணுவையும் ஒப்பிட்டு, சிவப்பு முதுகுப் பறவை தனி இனமாகும் தகுதியுடையது என்று காட்டியது. இன்று முக்கியமான உலகப் பட்டியல்கள் அதை டைனோபியம் சரோடீஸ் என்ற தனி இனமாகவே ஏற்கின்றன. துணையினம் என்ற ஏற்பாட்டால் கிடைத்த பயன் இது: தனி இனமாகும் வரை அந்தப் பறவை பெயரில்லாமல் தொலைந்துபோகவில்லை. கலப்புப் பகுதியிலிருந்து முதுகு நிறத்தோடு எழுதப்பட்ட பழைய குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. ‘மரங்கொத்தி, 2’ என்று மட்டும் எழுதப்பட்டவை எந்த இனத்தின் கணக்கிலும் சேராமல் கிடக்கின்றன.

இலங்கையில் இன்னொரு செம்முதுகு மரங்கொத்தியும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அது வேறு பேரினம். அலகு தந்தம்போல வெளிறியது. சரோடீஸின் அலகு கருமை. முதுகின் சிவப்பில் மயங்கி அலகைப் பார்க்காமல் விடுவதே இங்கு நேரும் முதல் பிழை.

ஏமாற்றும் காரணங்கள் பறவையிலும் உண்டு, கருவியிலும் உண்டு. இறகு தேய்ந்தும் வெயிலில் வெளுத்தும் போகும். இறகு உதிர்த்துப் புதுப்பித்த பறவையும் அதற்குச் சில வாரம் முன்பிருந்த அதே பறவையும் இரண்டு துணையினம்போலத் தோன்றலாம். மாம்பழச்சிட்டின் தென்னிந்திய, இலங்கைத் துணையினத்தில் ஆணின் உச்சியும் முதுகும் கறுப்பது இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே. மைனாக் குஞ்சின் தலை பழுப்பு. பூவில் தேன் குடித்த பறவையின் நெற்றி மகரந்தத்தால் மஞ்சளாகும். நிறமி குறைந்து வெண்திட்டு விழுந்த காகம் புதிய துணையினம் அல்ல. கைபேசிப் படக்கருவியோ நிழலில் நீலத்தையும் மாலையில் சிவப்பையும் கூட்டுகிறது. ஒரு வெள்ளைச் சுவரோ சிமெண்டுத் தூணோ அதே படத்தில் விழுந்திருந்தால் நிறத்தைச் சரிபார்க்க ஏதோ ஒன்று கிடைக்கும். எந்தத் துணையினங்கள் இறக்கை நீளத்தாலும் அலகின் நீளத்தாலும் மட்டுமே பிரிக்கப்படுகின்றனவோ அவற்றை வீட்டுக் குழுக்கள் தொடவே வேண்டாம். அதற்குப் பறவையைக் கையில் பிடித்து அளக்க வேண்டும்; பிடிப்பதற்கு அரசு அனுமதி வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இடத்தை வைத்துப் பெயர் எழுதுவது. யாழ்ப்பாணத்தில் பார்த்ததால் ஜாஃப்னென்ஸ் என்று எழுதப்படுகிறது. அப்படி எழுதப்பட்ட நூறு பதிவுகளை வைத்து ஜாஃப்னென்ஸ் யாழ்ப்பாணத்தில் வாழ்கிறது என்று வரைபடம் தீட்டப்படுகிறது. அந்த நூறு பதிவுகளும் சேர்ந்து சொல்லும் புதுச் செய்தி எதுவுமில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று இடம் சொல்லட்டும். எதைப் பார்த்தோம் என்று அது சொல்லக் கூடாது. மூன்றாம் பெயருக்கு ஆதாரம் கண்ணில் பட்ட அடையாளம் மட்டுமே.

பயனுள்ள பதிவு ஒன்று இப்படி இருக்கும்: ‘கெக்கிராவ, வீட்டுத் தென்னை, காலை 7.20, பக்கவாட்டு வெயில். மரங்கொத்தி 1, ஆண், உச்சி முழுதும் சிவப்பு. அலகு கருமை. முதுகு மேற்பாதி சிவப்பு, கீழ்ப்பாதி செம்மஞ்சள். தொண்டை தெரியவில்லை. படம் 3.’ துணையினப் பெயர் இதில் இல்லை. ஆனாலும் ஆய்வாளருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. தெரியவில்லை என்பதையும் எழுதியிருப்பது இதன் சிறப்பு. இ-பேர்ட் தளத்தில் சில பறவைகளுக்குத் துணையினக் குழு என்று தனி வரியே உண்டு. அடையாளம் உறுதியானால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவற்றுக்கு இனப் பெயரோடு நிறுத்தி, கண்டதைக் குறிப்புப் பகுதியில் எழுதலாம்.

பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒவ்வொரு குழுவும் எல்லாப் பறவைகளையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக் குழுக்கள் கருஞ்சிட்டின் முதுகு, கிளியின் கீழலகு, தென்மாவட்டங்களில் வெண்தலைச் சிலம்பனின் உச்சி ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும். இலங்கைக் குழுக்கள் மைனாவின் இறக்கையையும் மரங்கொத்தியின் முதுகையும் அலகையும் குறிக்கட்டும். புத்தளம் முதல் திருகோணமலை வரை உள்ள பள்ளிகள் மரங்கொத்தி ஒன்றையாவது தவறாமல் எழுதட்டும். அடையாளம் தெரிந்த பறவைக்கு மூன்று சொற்கள்; தெரியாததற்கு இரண்டு சொற்களும் ஒரு குறிப்பும்.